பாதியில் நின்ற ஒரு பாஷைச் சீர்திருத்தம்

பேச்சு பாஷையில் ஒரு மாறுதல் நுழையும்போது அதை யாரும் கவனிப்பதில்லை. ஜனங்களின் வாயில் பழகி, பத்திரிகைகளில் ஏறி, அதன் பிறகே அது இலக்கணக்காரரின் அங்கீகாரத்தைப் பெறுகிறது. கம்ப்யூட்டருக்கு ஆணையிடுவதற்கென்று மனிதர் வகுத்துக்கொண்ட பாஷைகளிலோ, நிபுணர்கள் கூடி, வருஷக்கணக்கில் விவாதித்து, ஆட்சேபங்களைக் கேட்டு, முடிவை எழுத்தில் பொறித்த பின்னரே ஒரு மாறுதல் வருகிறது. ஆகையினால் அங்கே ஒரு சீர்திருத்தம் பாதியில் நின்றுபோனால், காலப்போக்கில் அது தானாகவே நிறைவேறிவிடும் என்று காத்திருப்பதில் பயனில்லை. குறையை எடுத்துச் சொல்லி மறுபாதியையும் கேட்டு வாங்குவதுதான் முறை. ஜாவா பாஷையின் எட்டாம் பதிப்பு 2014 மார்ச் 18ஆம் தேதி வெளிவந்தபோது, பெயரில்லாச் செயற்கூறுகளை எழுதும் முறை மிகவும் எளிமையாயிற்று. எழுதியவற்றை அழைக்கும் முறையோ பழைய சிக்கலிலேயே இருந்துவிட்டது, இன்றும் இருக்கிறது. அதையும் எளிமையாக்க வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

இது நிபுணர்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டிய விவகாரம், பொதுஜனப் பத்திரிகையில் இதற்கு என்ன இடம் என்று சிலர் கேட்கக்கூடும். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் படிக்கும் பிள்ளைகள் பைத்தான் பாஷையில் நிரல் எழுதப் பழகுகிறார்கள்; பெயரில்லாச் செயற்கூறு என்ற விஷயமும் அந்தப் பாடப்புத்தகத்திலேயே அவர்களுக்கு அறிமுகமாகிவிடுகிறது. அங்கிருந்து பொறியியல் கல்லூரிக்குப் போகிறவர்கள், அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தின்படி, பொருள்நோக்கு நிரலாக்கத்தை ஜாவாவின் வழியாகக் கற்கிறார்கள். படித்து முடித்துச் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் உத்தியோகத்தில் அமர்கிறவர்களில் எத்தனையோ பேருக்கு, வங்கிகளும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் நம்பியிருக்கும் பெரிய ஜாவா நிரல்களைக் காத்துப் பராமரிப்பதே ஜீவனோபாயம். அந்தப் பாஷையில் அநாவசியமாக இருக்கும் ஒரு முடிச்சு, நம் பிள்ளைகளின் படிப்பிலும் நம் இளைஞர்களின் அன்றாட உழைப்பிலும் இருக்கும் முடிச்சு ஆகையால், அதைப் பற்றிப் பேச நமக்கு முழு நியாயம் உண்டு.

செயற்கூறு என்பது பேச்சு வழக்கில் ஃபங்க்ஷன். ஒரு வேலைக்கு வேண்டிய கட்டளைகளை ஒன்றாகக் கட்டி, அதற்கு ஒரு பெயரிட்டு வைத்துக்கொண்டு, வேண்டிய சமயத்தில் அந்தப் பெயரைச் சொல்லி, பக்கத்தில் ஓர் அடைப்புக்குறியிட்டு, அதற்குள் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தால், அது வேலையை முடித்துப் பலனைத் தருகிறது. ஆனால் எல்லா வேலைக்கும் பெயர் அவசியம் என்பதில்லை. முன்னாளில் கடைக்காரருக்குச் சீட்டு எழுதி அனுப்பியவர்கள், இதைக் கொண்டுவருபவரிடம் இரண்டு படி அரிசி கொடுத்தனுப்பவும் என்று எழுதினார்களே தவிர, வருபவரின் பெயரையும் ஊரையும் எழுதவில்லை. அந்த ஒரு காரியம் முடிந்துவிட்டால் கடைக்காரருக்கு அவருடைய பெயரால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. அவ்விதமே, ஒரே இடத்தில் ஒரே காரியத்துக்காக, பெயர் சூட்டாமலே எழுதி, வேறொரு செயற்கூறின் கையில் ஒப்படைக்கும் சிறு கட்டளைத் தொகுப்புக்குத்தான் பெயரில்லாச் செயற்கூறு என்று பெயர். சொற்பட்டியல் ஒன்றை நீளத்தின்படி வரிசைப்படுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வரிசைப்படுத்தும் யந்திரம் ஏற்கனவே பாஷையில் இருக்கிறது. இரண்டு சொற்களில் எது முந்தியது என்பதை மாத்திரம் நாம் சொல்லியனுப்ப வேண்டும். அந்தச் சொல்லியனுப்பும் வாசகம்தான் இங்கே நம் விஷயம்.

இந்த யோசனை கம்ப்யூட்டரைக் காட்டிலும் பழமையானது. பிரின்ஸ்டனில் கணித ஆசிரியராக இருந்த அலன்ஸோ சர்ச், 1930களில் கணக்கிடுதல் என்பதன் லட்சணத்தையே பெயரில்லாச் செயற்கூறுகளால் வரையறுக்க முயன்று, லாம்ப்டா என்ற கிரேக்க எழுத்தை அவற்றின் அடையாளமாகக் கொண்டார். 1958இல் ஜான் மெக்கார்த்தி எம்.ஐ.டி.யில் வகுக்கத் தொடங்கிய லிஸ்ப் பாஷையில் அந்த எழுத்தின் பெயரே ஒரு கட்டளைச் சொல்லாயிற்று. இன்று ஜாவா நிரலர்கள் லாம்ப்டா, லாம்ப்டா என்று சொல்வதும் அந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

பொருள்நோக்கு நிரலாக்கம் வேறொரு வம்சம். ஆஸ்லோவிலுள்ள நார்வே கணக்கீட்டு மையத்தில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் 1960களில் சிமுலா பாஷையில் தொடங்கிவைத்து, பின்னர் ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்ட்டோ ஆராய்ச்சி மையத்தில் ஆலன் கேயும் அவருடைய சகாக்களும் ஸ்மால்டாக் பாஷையில் பூரணமாக்கிய அந்தக் கொள்கையின்படி, நிரல் என்பது பொருள்களின் கூட்டம். ஒவ்வொரு பொருளும் தன் விவரங்களையும் அவற்றின்மேல் செய்யத்தக்க வினைகளையும் தன்னிடமே வைத்துக்கொண்டு, மற்றப் பொருள்கள் அனுப்பும் செய்திக்கு இணங்கி வேலை செய்கிறது. இந்தக் கொள்கையில் வினை தனித்து நிற்க இடமில்லை. அது ஏதாவதொரு பொருளைச் சார்ந்தே இருந்தாக வேண்டும். அப்படியானால் யாரையும் சாராத, பெயரும் இல்லாத ஒரு வினையை எங்கே வைப்பது? ஸ்மால்டாக் இதற்கு ஓர் அழகிய சமாதானம் கண்டது. சதுர அடைப்புக்குள் எழுதிய கட்டளைத் தொகுப்பையே ஒரு பொருளாக ஏற்று, அதற்கு வேல்யூ என்ற செய்தியை அனுப்பினால் அது ஓடும் என்று விதித்தது. எந்தத் தொகுப்பானாலும், எந்த வேலைக்கானாலும், செய்தியில் வரும் சொல் அந்த ஒன்றுதான். இந்த ஒருமையை வாசகர் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜேம்ஸ் காஸ்லிங்கின் தலைமையில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனி உருவாக்கி 1996 ஜனவரியில் முதற்பதிப்பாக வெளியிட்ட ஜாவாவில், வினையை மாத்திரம் தனியே எடுத்து ஒருவர் கையில் கொடுக்க வழியே இல்லை. 1997 பிப்ரவரியில் வந்த 1.1 பதிப்பு ஒரு சுற்றுவழியைத் திறந்தது. பெயரில்லாத ஓர் இனக்குழுவை, அதாவது க்ளாஸை, எழுதும் இடத்திலேயே உருவாக்கி, அதற்குள் ஒரு வினையை வைத்து அனுப்பலாம் என்று அனுமதித்தது. அந்த வழி பின்னாளில் எடுத்த வடிவின்படி, மேலே சொன்ன சொற்பட்டியலை வரிசைப்படுத்த, நிரலர் முதலில் நியூ என்று எழுத வேண்டும். பிறகு கம்பேரேட்டர் என்ற இடைமுகத்தின், அதாவது இன்ன வினை இருக்க வேண்டும் என்று மாத்திரம் விதிக்கும் வகையின், பெயர். அதையொட்டிக் கோண அடைப்புக்குள் ஸ்டிரிங் என்ற வகை. பின்னர் ஒன்றுமில்லாத வட்ட அடைப்பு. நெளி அடைப்பு ஒன்றைத் திறந்து, பப்ளிக் என்றும் இன்ட் என்றும் கம்பேர் என்றும் எழுதி, இரண்டு சொற்களையும் அவற்றின் வகையோடு அறிவித்து, மறுபடி ஒரு நெளி அடைப்பைத் திறந்து, ரிட்டர்ன் என்று தொடங்கி, நீளத்திலிருந்து நீளத்தைக் கழிக்கும் அந்த ஒரே வாசகத்தை எழுதி, திறந்தவற்றையெல்லாம் முறையாக மூட வேண்டும். சொல்ல வந்த விஷயம் அரை வரி. அதைச் சுமந்து வந்த சடங்கு ஐந்து வரி. நிரலை யந்திரம் ஓட்டத்தக்க வடிவுக்கு மாற்றும் கம்பைலர் அதற்கென்று ஒரு தனிக் கோப்பையும் தயாரித்து வைக்கும். பெரிய நிரல்களில் இப்படிப்பட்ட கோப்புகள் நூற்றுக்கணக்கில் குவிந்தன.

வேறு வழி அந்நாளிலேயே முன்வைக்கப்பட்டது என்பது சரித்திரத்தில் கவனிக்கத்தக்கது. டர்போ பாஸ்கலையும் டெல்ஃபியையும் ஆக்கிய ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பர்க், போர்லாண்ட் கம்பெனியிலிருந்து 1996இல் மைக்ரோசாஃப்டுக்கு வந்து, அவர்களுடைய ஜாவா சாதனமாகிய விஷுவல் ஜே பிளஸ் பிளஸ்ஸில் டெலிகேட் என்ற ஏற்பாட்டைச் சேர்த்தார். ஒரு பொருளின் வினையைப் பிடித்து மாறியில் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. சன் கம்பெனி அதைக் கண்டித்து ஓர் அறிக்கையே வெளியிட்டது. உட்பொதிந்த இனக்குழுக்களே எல்லாக் காரியத்துக்கும் போதும், டெலிகேட் பாஷையின் எளிமையையும் ஒருமையையும் கெடுக்கும் என்பது அதன் சாரம். இரண்டு கம்பெனிகளுக்கும் இடையே 1997 அக்டோபரில் ஜாவா உரிமம் பற்றித் தொடங்கிய வழக்கு 2001 ஜனவரியில்தான் சமரசமாயிற்று என்பதையும் பார்க்கும்போது, அந்தக் காலத்தில் இலக்கண விவாதத்தை வியாபாரப் பகையிலிருந்து பிரித்துப் பார்ப்பது யாருக்கும் சுலபமாக இருந்திராது. ஹெய்ல்ஸ்பர்க் டெலிகேட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சி ஷார்ப் என்ற புதிய பாஷையில் வைத்தார். அங்கே அது செழித்தது: 2005இல் பெயரில்லா வழிமுறைகள் வந்தன, 2007இல் லாம்ப்டா வந்தது. டெலிகேட்டில் வைத்த செயற்கூறை, முதல் நாளிலிருந்தே, சாதாரணச் செயற்கூறைப் போல அடைப்புக்குறியிட்டே அழைத்தார்கள்.

ஜாவாவில் மனமாற்றம் வர அதிக நாள் பிடித்தது. 2006இல் கிலாட் பிராச்சா, நீல் காஃப்டர், ஜேம்ஸ் காஸ்லிங், பீட்டர் ஃபான் டெர் ஆஹே ஆகிய நால்வரும் பெயரில்லாச் செயற்கூறுகளை ஜாவாவில் சேர்க்க ஒரு விரிவான திட்டத்தை முன்வைத்தார்கள். பாப் லீ, டக் லீ, ஜோஷ் ப்ளாக் ஆகியோர் அதைவிட அடக்கமான வேறொரு திட்டத்தைச் சொன்னார்கள். எது வேண்டும் என்ற சர்ச்சையில் ஆண்டுகள் ஓடின. 2009 நவம்பரில், ஆன்ட்வெர்ப் நகரத்தில் நடந்த டெவாக்ஸ் மாநாட்டில், ஜாவாவில் இது சேரத்தான் போகிறது என்று மார்க் ரெய்ன்ஹோல்ட் அறிவித்தார். இடையில் சன் கம்பெனி ஆரக்கிளின் வசமாயிற்று. ஏழாம் பதிப்பில் இடம் பெறாமல், பிரையன் கெட்ஸின் தலைமையில் பக்குவமடைந்து, எட்டாம் பதிப்பில் அது வந்து சேர்ந்தது. வந்தபோது அது வெகு அழகாகவே வந்தது என்பதைத் தயக்கமின்றிச் சொல்வேன். ஐந்து வரிச் சடங்கு இவ்வளவாகச் சுருங்கியது: (அ, ஆ) -> அ.லெங்த்() - ஆ.லெங்த்(). இடைமுகத்தின் பெயரும், வினையின் பெயரும், வகை அறிவிப்புகளும் மறைந்தன. அவற்றையெல்லாம் சந்தர்ப்பத்திலிருந்தே கம்பைலர் ஊகித்துக்கொள்கிறது. படிப்பவரின் கண்ணில் கருத்து மாத்திரம் நிற்கிறது.

ஆனால் எழுதுவது ஒரு பாதி, அழைப்பது மறுபாதி. பெயரில்லாச் செயற்கூறை வாங்கிக்கொள்ளும் இடத்தில் அது ஒரு மாறியில் வந்து அமர்கிறது. பதினெட்டு சதவீத வரியைக் கணக்கிடும் செயற்கூறு வரி என்ற மாறியில் இருக்கிறது என்று கொள்வோம். (ஜாவாவில் மாறிகளுக்குத் தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கலாம், இந்தச் சௌகரியத்தை நம் ஆசிரியர்கள் போதுமான அளவுக்கு உபயோகப்படுத்திக்கொள்ளவில்லை என்பது என் குறை.) ஐந்நூறு ரூபாய்க்கு வரி எவ்வளவு என்று கேட்க, பைத்தான் படித்த பிள்ளை இயல்பாக எழுதுவது: வரி(500). ஜாவாவில் அது பிழை. வரி.அப்ளை(500) என்று எழுதினால்தான் தொண்ணூறு என்ற விடை கிடைக்கும். பெயரே இல்லாமல் எழுதியனுப்பிய வினைக்கு, எழுதியவர் எந்த இடத்திலும் குறிப்பிடாத அப்ளை என்ற பெயர் எங்கிருந்து வந்தது? வரி என்ற மாறியின் வகையாகிய ஃபங்க்ஷன் என்ற இடைமுகத்தில், அதன் ஒரே வினைக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். அதைத் தேடிப் பார்த்து, மனப்பாடம் செய்து, அழைக்கும்போதெல்லாம் உச்சரிக்க வேண்டியது நிரலரின் கடமையாகிவிட்டது.

ஒரு பெயரோடு போயிற்றா என்றால் அதுவும் இல்லை. உண்டு அல்லது இல்லை என்று பதில் சொல்லும் செயற்கூறு ப்ரெடிகேட் வகை. அதை டெஸ்ட் என்று அழைக்க வேண்டும். வாங்கிக்கொண்டு ஒன்றும் திருப்பித் தராதது கன்ஸ்யூமர், அதற்கு அக்செப்ட். ஒன்றும் வாங்காமல் தருவது மட்டும் செய்வது சப்ளையர், அதற்கு கெட். தருவது முழு எண்ணானால் கெட்-ஆஸ்-இன்ட், பதின்மப் புள்ளி எண்ணானால் கெட்-ஆஸ்-டபிள், உண்மை-பொய் மதிப்பானால் கெட்-ஆஸ்-பூலியன். எட்டாம் பதிப்பு இதற்கென்று ஒதுக்கிய ஒரு தொகுதியில் மாத்திரம் 43 இடைமுகங்கள் இருக்கின்றன. அவற்றின் வினைகளுக்கு 11 வெவ்வேறு பெயர்கள். அந்தத் தொகுதிக்கு வெளியே பழைய நாளிலிருந்தே வழங்கிவரும் ரன், கால், கம்பேர் ஆகியவை வேறு. இத்தனை வகைகள் ஏற்பட்டதற்குத் தக்க காரணம் உண்டு என்பதை மறுக்கவில்லை. எண்களைப் பொருள்களாகப் பொதிந்து அனுப்பும்போது ஏற்படும் கால விரயத்தையும் நினைவகச் செலவையும் தவிர்க்கவே முழு எண்ணுக்கும் நீள எண்ணுக்கும் பதின்ம எண்ணுக்கும் தனித்தனி வகைகளைச் செய்தார்கள். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள்: சப்ளையர் என்றிருந்த மாறியை, வேகத்தை முன்னிட்டு, முழு எண் சப்ளையராக ஒருவர் மாற்றுவாரானால், கருத்து அணுவளவும் மாறாதிருந்தும், அழைக்கும் இடந்தோறும் கெட் என்பதை அழித்து கெட்-ஆஸ்-இன்ட் என்று திருத்தியாக வேண்டும். இவ்விடத்தில், நான் ஜாவா கற்பிக்கும் வகுப்பில் வருஷந்தோறும் யாராவது ஒருவர் எழுந்து, "சார், பைத்தான்ல அடைப்புக்குறி போட்டா போதும், இங்க மட்டும் ஏன் சார் ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு?" என்று கேட்கிறார். காரணத்தைச் சொல்லலாம், அந்தக் காரணம் மாணவர்களுக்குத் திருப்தி அளிப்பதில்லை, எனக்கும் அளிப்பதில்லை.

மற்றப் பாஷைகள் இதை எப்படித் தீர்த்துக்கொண்டன என்று பார்த்தால் நம் கோரிக்கையின் நியாயம் விளங்கும். ஸ்மால்டாக்கின் வேல்யூ என்ற ஒரே சொல்லை முன்பே சொன்னேன். காமன் லிஸ்ப் பாஷையில் மாறிகளின் பெயரும் செயற்கூறுகளின் பெயரும் வேறு வேறு ஏடுகளில் பதிவாவதால், மாறியிலுள்ள செயற்கூறை நேரே அழைக்க முடியாது. ஆனாலும் அங்கே ஃபன்கால் என்ற ஒரே சொல் எல்லாவற்றுக்கும் செல்லும். சி பிளஸ் பிளஸ்ஸில் ஓர் இனக்குழு, அடைப்புக்குறியையே தன் வினைகளுள் ஒன்றாக வரையறுத்துக்கொள்ளலாம். 2011இன் தர நிர்ணயத்தில் லாம்ப்டா சேர்ந்தபோது அது இந்த ஏற்பாட்டில் இயல்பாகப் பொருந்திவிட்டது. ஜாவாவின் யந்திரத்தின் மேலேயே ஓடுகின்ற ஸ்காலாவிலும் காட்லினிலும்கூட அடைப்புக்குறியிட்டே அழைக்கிறார்கள். ஸ்காலாவின் கம்பைலர் அதை உள்ளுக்குள் அப்ளை என்றும், காட்லினின் கம்பைலர் இன்வோக் என்றும் மாற்றிக்கொள்கிறது. ஆகவே யந்திரம் தடையாக நிற்கிறது என்ற வாதம் எழுவதற்கே இடமில்லை.

பெயர்களை ஆதரிப்பவர்கள் சொல்லும் முதல் ஆட்சேபம் கௌரவமானது. டெஸ்ட் என்று எழுதியிருப்பதைப் படித்தவுடனேயே உண்டு-இல்லை என்ற பதில் வரப்போகிறது என்றும், கம்பேர் என்பதைப் பார்த்தவுடனேயே இரண்டை ஒப்பிடுகிறார்கள் என்றும் தெரிகிறது. வெறும் அடைப்புக்குறி இதைத் தெரிவிக்காதே என்கிறார்கள். கம்பேர் விஷயத்தில் இது உண்மை, அதை அப்படியே எழுதலாம். பழைய வழியை மூட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அப்ளை, அக்செப்ட், கெட் போன்ற பெயர்கள் செய்யும் வேலையைப் பற்றி ஒன்றும் தெரிவிப்பதில்லை. வேலையைத் தெரிவிப்பது மாறியின் பெயர். வரி என்ற சொல்லில் இருக்கும் அர்த்தத்துக்கு அப்ளை என்ற சொல் எதைக் கூட்டுகிறது? மேலும், லாம்ப்டாவை எழுதும் இடத்தில் கம்பேர் என்ற பெயரை எழுதத் தேவையில்லை என்று 2014இல் தீர்மானித்தவர்கள், அங்கே படிப்பவருக்கு அது இல்லாமலே விளங்கும் என்று ஒப்புக்கொண்டவர்கள்தானே.

இரண்டாவது ஆட்சேபம்தான் கனமானது. ஜாவாவில், காமன் லிஸ்ப்பைப் போலவே, மாறிக்கும் வழிமுறைக்கும், அதாவது இனக்குழுவில் பெயரிட்டு எழுதிய வினைக்கும், ஒரே பெயர் இருக்கலாம்; சந்தர்ப்பத்தைக் கொண்டு கம்பைலர் பிரித்தறிகிறது. வரி(500) என்று எழுதினால் இன்று அதன் பொருள், வரி என்ற வழிமுறையை அழை என்பதுதான். மாறியையும் அவ்வாறே அழைக்கலாம் என்று விதித்து, இரண்டும் இருந்தால் வழிமுறைக்கே முதலிடம் என்று ஒரு விலக்கும் வைத்தால், பழைய நிரல்கள் பழுதாகா. ஆனால் எதிர்காலத்தில் ஓர் அபாயம் காத்திருக்கும். நம் இனக்குழு, வேறொருவர் எழுதிய மூல இனக்குழுவிலிருந்து கிளைத்தது என்று வைத்துக்கொள்வோம். அவர் அடுத்த வருஷம் தம்முடையதில் வரி என்ற பெயரில் ஒரு வழிமுறையைப் புதிதாகச் சேர்த்தால், நம் நிரலில் ஓர் எழுத்தும் மாறாதிருக்க, நம் அழைப்பு சத்தமில்லாமல் அவருடைய வழிமுறைக்குத் திரும்பிவிடும். கணக்குத் தப்பும், காரணம் தெரியாது. வங்கியின் நிரலில் அப்படி ஒன்று நேர்வதைச் சகிக்க முடியாது. வெறும் அடைப்புக்குறியை ஜாவாவில் கொண்டுவர வேண்டும் என்ற கட்சியில் நான் சேராததற்கு இதுவே காரணம்.

இதற்குப் பரிகாரம் ரூபி பாஷையில் இருக்கிறது. யுகிஹிரோ மட்ஸுமோட்டோ ஜப்பானில் உருவாக்கிய அந்தப் பாஷையில், வழிமுறையை அழைக்கும்போது அடைப்புக்குறியை விட்டுவிடவே அனுமதி உண்டு. ஆகையால் மாறியிலுள்ள செயற்கூறை அழைப்பது அங்கேயும் சங்கடமாயிற்று. அவர்கள் கண்ட யுக்தி, மாறிக்கும் அடைப்புக்குறிக்கும் இடையில் ஒரு புள்ளி: வரி.(500). புள்ளிக்குப் பின் பெயர் இல்லை, அடைப்புக்குறி நேரே வந்துவிடுகிறது. ஜாவாவின் இலக்கணத்தில் இந்த வடிவத்துக்கு இன்று எந்தப் பொருளும் கிடையாது ஆகையால், பழைய நிரல் எதுவும் இதனால் அர்த்தம் மாறாது. புள்ளிக்கு முன்னிருப்பது பொருளே என்பதால் வழிமுறையோடு குழப்பமும் நேராது. பொருளுக்குச் செய்தி அனுப்புகிறோம் என்ற பொருள்நோக்குக் கொள்கையும் காப்பாற்றப்படுகிறது. நான் ஜாவாவுக்குக் கேட்பது இந்தப் புள்ளி ஒன்றைத்தான். ரூபியிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. அங்கே அதே செயற்கூறைக் கால் என்று எழுதியும், சதுர அடைப்பிட்டும், யீல்ட் என்று சொல்லியும், மூன்று சமக்குறிகளை அடுக்கியும்கூட அழைக்கலாம். அத்தனை வாயில்கள் படிப்பவருக்குச் சிரமம்.

இந்தப் புள்ளியை எங்கெல்லாம் அனுமதிப்பது என்பதிலும் நிதானம் வேண்டும். ஒரே ஒரு வினையைக் கொண்ட இடைமுகம் எதுவானாலும் சரி என்று விட்டுவிட்டால் விபரீதம் உண்டாகும். கோப்புகள் முதலானவற்றைக் குறிக்கும் க்ளோசபிள் என்ற இடைமுகத்தில் இருப்பது க்ளோஸ் என்ற ஒரே வினை, அங்கே கோப்பு.() என்று எழுதினால் கோப்பை மூடிவிடு என்று பொருளாகும். படிப்பவர் யாரும் அப்படி ஊகிக்க மாட்டார்கள். நல்லவேளையாக, செயற்கூறாகப் பயன்படுவதற்கென்றே செய்த இடைமுகங்களின் தலையில் ஃபங்க்ஷனல் இன்டர்ஃபேஸ் என்று ஒரு முத்திரையிடும் வழக்கத்தை எட்டாம் பதிப்பே ஏற்படுத்தி வைத்திருக்கிறது. மேற்சொன்ன 43க்கும், ரன்னபிள், காலபிள், கம்பேரேட்டர் ஆகியவற்றுக்கும் அந்த முத்திரை உண்டு, க்ளோசபிளுக்கு இல்லை. முத்திரையுள்ளவற்றுக்கு மாத்திரமே புள்ளி அழைப்பு என்று விதித்துவிட்டால் விவகாரம் தீர்ந்தது. எழுதிய இடத்திலேயே, மாறியில்கூட வைக்காமல், லாம்ப்டாவை உடனே அழைக்கும் வசதியையும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலர்கள் கேட்பார்கள். ஜாவாவில் லாம்ப்டாவுக்குச் சந்தர்ப்பத்தை விட்டுத் தனியாக ஒரு வகை கிடையாது ஆகையால் அது வேறு பிரச்சினை, அதை இதோடு சேர்த்துக் கட்ட வேண்டாம்.

ஸ்கீம் பாஷையை 1975இல் ஜெரால்ட் சஸ்மனோடு சேர்ந்து படைத்தவரும், காமன் லிஸ்ப்பின் பிரமாண நூலை எழுதியவரும், காஸ்லிங்கோடும் பில் ஜாயோடும் ஜாவாவின் இலக்கண நூலை இயற்றியவருமான கை ஸ்டீல், 1998இல் வான்கூவரில் நடந்த ஊப்ஸ்லா மாநாட்டில் பாஷைகளின் வளர்ச்சியைப் பற்றி ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். ஓரசைச் சொற்களை மட்டுமே உபயோகிப்பது, அதற்கு மேற்பட்ட சொல் எதையும் அங்கேயே வரையறுத்த பின்னரே உபயோகிப்பது என்ற கட்டுப்பாட்டோடு முழுச் சொற்பொழிவையும் நிகழ்த்தியது அதன் விசேஷம். பாஷையை வகுத்தவர்கள் தந்த சொற்களும், உபயோகிப்பவர்கள் தாமே ஆக்கிக்கொண்ட சொற்களும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்க வேண்டும். அப்போதுதான் பாஷை அதைப் பேசுகிறவர்கள் கையில் வளரும் என்பது அவர் அதில் வற்புறுத்திய கருத்து. இனக்குழுவில் எழுதிய வழிமுறையை ஒரு விதமாகவும், நாமே ஆக்கி மாறியில் வைத்த வினையைப் பதினொரு விதமாகவும் அழைக்கச் சொல்லும் ஜாவா, தன் இலக்கணத்தை எழுதியவர்களுள் ஒருவரின் அந்த உபதேசத்துக்கு இன்னும் முழுதும் இணங்கவில்லை என்றே நினைக்கிறேன்.

இதைப் பரீட்சித்துப் பார்ப்பதற்கு வேண்டிய ஏற்பாடுகள் தயாராகவே இருக்கின்றன. 2017 செப்டம்பரில் ஒன்பதாம் பதிப்பு வந்தது முதல் ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு என்ற ஒழுங்கு நிலவுகிறது. புதிய இலக்கணத்தை முதலில் முன்னோட்டமாக விட்டு, அனுபவத்தைக் கேட்டு, பின்னரே நிலைநிறுத்தும் வழக்கமும் உண்டாகியிருக்கிறது. ஸ்விட்ச் என்ற கட்டளைக்குச் செய்த திருத்தம் 2019 மார்ச்சில் பன்னிரண்டாம் பதிப்பில் முன்னோட்டமாக வந்து, அடுத்த பதிப்பில் ப்ரேக் என்ற சொல்லுக்குப் பதிலாக யீல்ட் என்ற சொல்லை ஏற்று, 2020 மார்ச்சில் பதினான்காம் பதிப்பில்தான் நிரந்தரமாயிற்று. புள்ளி அழைப்பையும் அதே வழியில் விடலாம். அதற்கு முன்னதாக நம் பொறியியல் கல்லூரிகளிலேயே ஒரு காரியம் செய்யலாம். ஜாவா கம்பைலரின் மூலநிரல் 2006 நவம்பரிலிருந்து எல்லோருக்கும் திறந்திருக்கிறது. புள்ளிக்குப் பின் அடைப்புக்குறி வந்தால் ஏற்றுக்கொள்ளும்படி வாக்கியப் பகுப்பானைத் திருத்துவது, புள்ளிக்கு முன்னுள்ள வகையில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து அதன் ஒரே வினையைத் தேடியெடுப்பது, அதன் பெயரை எழுதியிருந்தால் எப்படியோ அப்படியே மேற்கொண்டு நடத்துவது ஆகிய மூன்றும் இறுதியாண்டு மாணவர் சிலர் சேர்ந்து ஒரு திட்டப்பணியில் முடிக்கத்தக்க அளவுள்ள வேலைகள். அப்படிச் செய்த கம்பைலரைக் கொண்டு, ஏற்கனவே புழக்கத்தில் இருக்கும் ஒரு பெரிய ஜாவா நிரலைத் திருத்தி எழுதி, பழையதையும் புதியதையும் பக்கம் பக்கமாக வைத்துப் பத்து நிரலர்களிடம் படிக்கக் கொடுத்தால், என் அபிப்பிராயம் சரியா தவறா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.